கூடவே வந்த ரயில்வே கேட்

உச்சிமாகாளி ஓய்வு பெற்ற அன்று ரயில்வே கேட்டை ஒப்படைக்க விட்டுப்போயிற்று.

இரண்டு கொடி, கைவிளக்கு, விசில், பூட்டு, சாவி எல்லாம் பட்டியலில் இருந்தன. கேட் இல்லை. முப்பத்தோரு வருஷம் அதை ஏற்றி இறக்கியவர் கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு நடந்தார். கேட்டும் பின்னால் வந்தது. தண்டவாளமும் வந்தது. அது இல்லாமல் கேட்டுக்கு என்ன வேலை?

தென்காசியில் பிடித்திருந்த வாடகை வீட்டில் கேட் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே நின்றது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பாசஞ்சர் போயிற்று. மனைவி காபித் தம்ளரோடு அந்தப் பக்கம் நிற்பாள். அவள் பக்கத்தில் சைக்கிள்காரர்கள் இரண்டு பேர், வைக்கோல் வண்டி ஒன்று. கடைசிப் பெட்டி போனதும் எல்லோரும் இந்தப் பக்கம் வருவார்கள். காபி ஆறியிருக்கும். உச்சிமாகாளி ஆறியதையே குடிப்பார். கேட் போட்டால் நிற்கத்தான் வேண்டும்.

ஊர் சுற்றுவதுதான் நடக்கவில்லை.

திட்டம் மனைவியுடையது. கேட்டை ஒட்டிய குடியிருப்பில் இருந்த காலமெல்லாம், போகிற பெட்டிகளில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களை ஒரு நோட்டில் குறித்துவந்தாள். எக்ஸ்பிரஸ்கள் நிற்காது. பாதிதான் படிக்க வாய்க்கும். நோட்டு முழுக்கப் பாதிப் பெயர்கள்.

"ரிட்டயர் ஆவட்டும். மீதியப் போயிப் படிச்சிட்டு வருவோம்" என்று அவர் சொல்லியிருந்தார். அதிகம் பேசாத மனுஷன் சொன்ன சொல். அதிலிருந்து நழுவ முடியாது.

கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினார்கள். வாசுதேவநல்லூர் தாண்டவில்லை, கேட் விழுந்தது. பாசஞ்சர் சாவகாசமாகப் போயிற்று. கால் மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. கண்டக்டர் நேரே இவரிடம் வந்தார்.

"பெரியவரே, கேட்டோடயா ஏறுனீய? முன்னாலயே சொல்லக்கூடாதா?"

"டிக்கெட் எடுத்திருக்கம்லா."

"ரெண்டு பேருக்குத்தான எடுத்தீய. எறங்குங்க. வேலைக்குப் போறவுக இருக்காவ."

இறங்கினார்கள். இன்னொரு நாள் எக்ஸ்பிரஸில் ஏறிப் பார்த்தார்கள். பாசஞ்சர் குறுக்கே போகட்டும் என்று எக்ஸ்பிரஸும் கேட்டில் நின்றது. அங்கேயும் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் கேட் அதன் இடத்திலேயே உள்ளதாகப் பதிவேடு கூறுகிறது. தங்களிடம் இருப்பது தங்களுடையதாக இருக்கலாம்.'

அன்று சாயங்காலம் மனைவி நோட்டை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த கிரைண்டருக்கு அண்டை கொடுத்தாள். கிரைண்டர் ஆடாமல் நின்றது. உச்சிமாகாளி பார்த்தார். சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து நாற்பது.

"ஏளா, காப்பி."

"கேட்டு போட்டிருக்கு."

"தெரியுது."

"இந்த ரயிலு எங்க போவுது?"

"எங்கயும் போவாது. நான் இருக்க எடத்துக்கு வரும். அதுக்கு அதான் வேல."

"அடுக்களைக்குள்ளயே வருது. நிறுத்தி ஏறுவோம்னு ஒங்களுக்கு ஒரு நாளாவது தோணுச்சா?"

"ஆபத்துன்னாத்தான் நிறுத்தலாம். சர்வீசுல ஒரு வண்டிய நிறுத்துனதில்ல நான்."

"நீங்க நிறுத்தவே வேண்டாம். நான் எந்த சர்வீசுல இருந்தேன்?"

சொல்லிவிட்டு, மினிபஸ்ஸுக்கு நீட்டுவதுபோல் கையை நீட்டினாள். மறு கையில் காபி. பாசஞ்சர் நின்றது. குக்கர் மூன்றாவது விசில் விட்டது. டிரைவர் பதிலுக்கு ஒன்று விட்டார்.

கார்டு இறங்கி வந்தார். "என்ன ஆபத்து?"

"ஆபத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏறணும்" என்றாள். அடுப்பை அணைத்தாள். கிரைண்டருக்கு அடியிலிருந்து நோட்டை உருவினாள். வீட்டுச் சாவியைச் சைக்கிள்காரரிடம் கொடுத்தாள். காபியை இவரிடம் நீட்டினாள். சூடாக இருந்தது. இருவரும் ஏறினார்கள்.

கார்டுக்கு விதி தெரியும். உச்சிமாகாளி இருக்கும் இடத்துக்கு வண்டி வர வேண்டும். அவர் வண்டிக்குள் இருக்கிறார். வந்தாயிற்று. இனி அது எங்கே வேண்டுமானாலும் போகலாம். கார்டு நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தார். பாதிப் பெயர். தலையாட்டிவிட்டுப் பச்சைக் கொடியை அசைத்தார்.

கேட் எஞ்சினுக்கு முன்னால் ஓடியது. போகிற சாலையிலெல்லாம் விழுந்து வழி வாங்கியது. வாசுதேவநல்லூரில் அதே பஸ் நின்றது. அதே கண்டக்டர். மனைவி ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "நல்லாருக்கீயளா தம்பி?" என்றாள். அவர் கும்பிட்டார்.

மலைகள் நின்றன. ஒரு பாலைவனம் நின்றது. பனியில் சடை மாடுகள் கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வொரு ஊரிலும் அவள் இறங்கி, பலகையைக் கடைசி எழுத்துவரை சத்தம் போட்டுப் படித்து, நோட்டில் மீதியை எழுதிவிட்டு வந்தாள். உச்சிமாகாளி பென்சில் சீவிக் கொடுத்தார். நாற்பத்திரண்டாம் நாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். அந்த ஊர் தீவில் இருந்தது.

நடுக்கடலில் கேட் விழுந்தது. இந்தப் பக்கம் இரண்டு கப்பல், அந்தப் பக்கம் ஒரு கப்பல். நடுவில் ஒருத்தி கூடையோடு நடந்து வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு மாலுமி பேரம் பேசினான். மனைவியும் ஒரு கூறு வாங்கினாள்.

அப்போதுதான் கார்டுக்குப் பதிவேடு ஞாபகம் வந்தது. வண்டியை நிறுத்தியவர் பெயரை அன்றே எழுதியிருக்க வேண்டும். பேனாவைத் திறந்துகொண்டு உச்சிமாகாளியைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷமாக ரயில் பதிவேடுகளில் தன் பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லிப் பழக்கமில்லாதவர் தொண்டையைச் செருமினார்.

"எழுதும்" என்றார். "ஆவுடையம்மாள்."