ஒரே சுவர்

எங்கள் மாடி நடையில் பிடித்துக்கொள்ளத் தோதாக ஒரே ஒரு சுவர்தான் உண்டு. எதிர்ப்பக்கம் முழுக்க என் மாமியாரின் பூந்தொட்டிகள். அந்த ஒரு சுவருக்குத்தான் எனக்கும் அவருக்கும் தினமும் சாயங்காலம் போட்டி. அவர் நடப்பதற்குப் பிடிப்பார். நான் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவதற்குப் பிடிப்பேன்.

நான் வேலை பார்ப்பது சைக்கிள் கடையில். பெட்டியில் வரும் உதிரிகளைப் பூட்டி வண்டியாக்கித் தருவேன். வாங்க ஆளில்லாமல் மூலையில் கிடந்த அந்த ஒற்றைச் சக்கரத்தை, "நீயே வச்சுக்கம்மா" என்று முதலாளி தள்ளிவிட்டார். சக்கரத்துக்குக் கம்பி கோத்து, அதன் கோட்டம் எடுத்து, இருக்கை பூட்டியவள் நான். ஏறினால் என்னையே கவிழ்க்கிறது! எனக்கு வந்ததே கோபம். ஒரு கை பார்த்துவிடுவது என்று வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன்.

என் கணவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீதி வண்டி எப்ப வரும்?" என்றார்.

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டவர். எலும்பு சேர்ந்துவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனாலும் சுவரை விட அவருக்கு மனம் வரவில்லை. முன்பெல்லாம் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவர் திட்ட ஆரம்பித்தால், என்னவோ ஏதோ என்று கீழ்வீட்டில் மிக்சியை நிறுத்திவிடுவார்கள். இப்போது ஒரு கை சுவரில் இருப்பதால் திட்டிலும் பாதிதான் சுருதி. அந்தப் பழைய திட்டுக்கு நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நிஜமாகவே ஏங்கினேன்.

சுவர் விஷயத்தில் என் பாடும் அப்படித்தான். முதலில் விழப் பழகினேன். வண்டியை விட்டுவிட்டுக் காலூன்றிக் குதித்தால் அடி வண்டிக்கு மட்டும்தான். அப்புறம் சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல் நேரே பார்க்கவும், உடம்பின் பாரத்தை மிதியில் போடாமல் இருக்கையில் இறக்கவும் பழகினேன். கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. என் உள்ளங்கை அழுக்கு சுவரில் ஒரு நீளக் கோடாக விழுந்திருந்தது. அதற்குச் சற்றுக் கீழே அத்தையின் கோடு.

"சுவத்தத் தேச்சுத் தேச்சே ஓட்ட போட்ருவ போல."

"பாதி ஓட்ட உங்களோடது, அத்தை."

"எனக்கு எலும்பு ஒடஞ்சுது. ஒனக்கென்ன கேடு?"

"பயந்தான்," என்றேன்.

அவர் சுவரில் இருந்த தன் கோட்டைப் பார்த்தார். பிறகு, "எனக்கும் எலும்பெல்லாம் இப்ப நல்லாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

போன வாரம், அத்தை தூங்குகிறார் என்று நினைத்து மாடிப்படிப் பக்கத்திலிருந்து கிளம்பினேன். பாதி வழியில் கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி அவர் எதிரே வந்தார். நான் குதித்தால் வண்டி அவர் காலில் போய் விழும். நேரே போனால் அவர் மேலேயே மோதுவேன்.

"அத்தை, நகருங்க!"

"நீ நகருடி!"

வேறு வழியில்லை. சுவரை விட்டுவிட்டு நடையின் நடுவுக்கு வளைந்தேன்.

அவரைத் தாண்டியும் சக்கரம் உருண்டது. இரண்டு கையும் காற்றில் இருக்க, நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்! சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தினேன். கத்திய வேகத்தில் எங்கே போகிறேன் என்பதை மறந்தேன். நான் காலூன்றிக் குதித்துவிட்டேன். வண்டி போய் ரோஜாத் தொட்டியை உடைத்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எத்தன நாள் பாத்துப் பாத்து வளத்த செடி! சர்க்கஸ் காட்ட வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?"

திரும்பினேன். அத்தை நடையின் நட்டநடுவில் நின்றிருந்தார். சுவர் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. இரண்டு கையும் இடுப்பில்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எடுத்துச் சொன்னால் எங்கே பயந்துவிடுவாரோ என்று வாயை இறுக்க மூடிக்கொண்டேன். சிரிப்பைத்தான் மூட முடியவில்லை.

"என்னடி இளிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீங்க திட்டுங்க, அத்தை."

கீழ்வீட்டில் மிக்சி நின்றது.