அமெரிக்கா முனீஸ்வரர் எல்லைக்குள் வராது

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யப்படுகிறது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்பாதவர்கள் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், ஜோகூரிலுள்ள மாசாய்க்கு வந்து நேரில் விசாரித்துக்கொள்ளலாம். வண்டி நிறுத்த இடம் கிடைப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

மாசாயில் குணாளன் என்று ஒருவர். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுபவர். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே வயதாகிப்போனதால் சந்தேகம் அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. பால் பொங்கினால் ஏன் பொங்கியது என்பார். பொங்காவிட்டால் இது பால்தானா என்பார். மனைவி பிரேமலா சிரித்தால் அவருக்கு ஒரு சந்தேகம், சிரிக்காவிட்டால் இரண்டு.

அப்பேர்ப்பட்டவரின் மகள் லோஷினிக்கு அமெரிக்காவில் அயோவா என்கிற மாநிலத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. பாமாயில் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். படிப்புச் செலவு முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்கிறதாம். குணாளனின் சந்தேகம் அங்கேதான் கண் விழித்தது.

“எவனாச்சும் சும்மா குடுப்பானா?”

“ஸ்காலர்ஷிப் பா. நல்லாப் படிச்சா குடுப்பாங்க லா.”

“தூண்டில்ல மண்புழு மாட்டுவான் பாரு, அதுக்கு மீனு வெச்சிருக்கிற பேரு ஸ்காலர்ஷிப்பு.”

வாய் இப்படிப் பேசியதே தவிர, அவர் பயம் வேறு. அவர் பஸ்ஸில் ஏறும் நேப்பாளப் பையன்கள் உட்கார்ந்ததும் போனை எடுத்து ஊரிலிருக்கும் அப்பாவோடு பேசுவார்கள். திரையில் ஒரு கிழவர் முகம் அசையும். வந்த புதிதில் தினமும் பேசுவார்கள். பிறகு சம்பள நாளில் மட்டும். பிறகு அந்தக் கிழவர் கண்ணாடியில் தெரிவதே இல்லை. பையன் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவான். அயோவாவில் ஏதோ ஒரு பஸ்ஸில் தன் முகமும் இப்படி ஒருநாள் காணாமல் போகும் என்று நினைக்கும்போதெல்லாம் குணாளன் பிரேக்கைத் தேவைக்கு மேல் மிதிப்பார். பின்னால் இருப்பவர்கள் முன் சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டு அவரைத் திட்டுவார்கள்.

“முனீஸ்வரர்கிட்ட குறி கேட்டுடுவோம்,” என்றாள் பிரேமலா. “சாமி போன்னா போகட்டும், வேணாம்னா வேணாம்.”

குணாளன் உடனே ஒத்துக்கொண்டார். அவர் ஒன்றுக்கு உடனே ஒத்துக்கொண்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று பொருள். இருந்தது. வாரநாட்களில் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தங்கராஜுவின் மேல்தான் ஞாயிறுகளில் முனீஸ்வரர் இறங்குவார். சனிக்கிழமையே குணாளன் ஓர் உயர்ந்த ரக விஸ்கி பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தங்கராஜு வீட்டுக்குப் போய்விட்டார்.

“சாமிக்குத்தான். நாளைக்கு ‘வேணாம்’னு ஒரு வார்த்தை வந்துட்டா எனக்குப் போதும்.”

“அண்ணே, சாமி சொல்றதை நான் மாத்த முடியாதுண்ணே,” என்றார் தங்கராஜு. ஆனால் பாட்டில் வீட்டுக்குள் போய்விட்டது. குணாளனுக்கு நம்பிக்கை பிறந்தது. வீடு திரும்பும் வழியிலேயே அந்த நம்பிக்கையில் ஒரு பூச்சி விழுந்தது. தனக்கு முன்னால் பிரேமலா வந்து இன்னொரு பாட்டில் கொடுத்திருந்தால்?

ஞாயிறு உச்சிப்பொழுது. தொழிற்சாலை வேலிக்குப் பின்னால், அரசமரத்தடியில் கோயில். ஒரு பக்கம் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. உறுமி முழங்க, தங்கராஜுவுக்கு அருள் வந்து, வாயில் சுருட்டும் கையில் அரிவாளுமாக நின்றார். முனீஸ்வரர் சுருட்டைக் கடித்துக்கொண்டே பேசுவதால் பாதிச் சொல் புகையாகத்தான் வெளியே வரும். பக்கத்தில் நிற்கும் பூசாரி அய்யாவுதான் விளக்கம் சொல்வார்.

“புள்ள எங்க போகுது?” என்றார் முனீஸ்வரர்.

“அமெரிக்கா சாமி,” என்றாள் பிரேமலா.

முனீஸ்வரர் அரிவாளால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார்.

“அது என் எல்லையில இல்ல.”

குணாளன் நிமிர்ந்தார். “எல்லையில இல்லைன்னா?”

“இந்தப் பக்கம் ஹைவே, அந்தப் பக்கம் கடலு. நடுவுல எவன் வாலாட்டினாலும் வெட்டுவேன். அதுக்கு மேல நான் பேசக் கூடாது. சிங்கப்பூருக்கே நான் போறதில்ல, அங்க வேற ஆளு. அந்த ஊரு எல்லைச் சாமி யாருன்னு சொல்லு, வரவழைக்கிறேன்.”

 அமெரிக்காவுக்கு எல்லைச் சாமி யார்? அய்யாவுதான் முடிச்சை அவிழ்த்தார்.

“செத்துப்போன பிரசிடெண்டுங்க சாமி. சிலை வெச்சிருக்காங்க, மாலை போடுறாங்க, அவங்க பேர்ல லீவு விடுறாங்க. சிலையும் மாலையும் லீவும் இருந்தா அப்புறம் சாமி இல்லாம வேற என்னவாம்?”

கூட்டம் சரிதானே என்று தலையாட்டியது. 

முனீஸ்வரர் மூன்று முறை மண்ணை மிதித்தார். தங்கராஜுவின் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கி, விளக்குமாற்றை விழுங்கியவர் மாதிரி விறைத்தது. வாயிலிருந்த சுருட்டை இரண்டு விரலால் நாசூக்காக எடுத்தார். அரிவாளைக் கைத்தடி போல ஊன்றிக்கொண்டார்.

“யார் கூப்பிட்டது?” குரல் மூக்கால் வந்தது.

“எந்தப் பிரசிடெண்டுங்க சாமி நீங்க?” என்று அய்யாவு பயபக்தியாகக் கேட்டார்.

“பிரசிடெண்டுங்க பட்டியல்ல என்னைத் தேடாதே. எழுதறப்போ மை தீந்துடுச்சு. பேர் போன ஆளுங்களுக்கு அங்க ஓயாத கூப்பாடு. சும்மா இருந்தவன் நான்தான், அனுப்பிட்டாங்க.”

குணாளன் அய்யாவுவின் காதில் முணுமுணுத்தார். “வெள்ளைக்காரன் எப்படிய்யா தமிழ் பேசுறான்?”

“அடுத்தவன் எல்லைக்கு வந்தா அந்த எல்லைச் சாமி பாஷையிலதான் பேசணும் அண்ணே. நீங்க சிங்கப்பூருக்குள்ள போனதும் கார்ல சீட்டு பெல்ட்டு போடல?”

பழைய அதிபர் கண்ணை மூடித் தம் நாட்டை எட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க நெற்றி சுருங்கியது.

“இது என் நாடே இல்ல. என் காலத்துல நாடு ஆத்தோட முடிஞ்சுது. இப்போ ஆத்தைத் தாண்டி அந்தக் கடல் வரைக்கும் போகுது. வேலியை நகத்தினது யாரு? எல்லாரும் குனிஞ்சு உள்ளங்கையைப் பாத்துக்கிட்டே நடக்கிறாங்க. அத்தனை பேருக்கும் ரேகையில என்ன சந்தேகம்?”

“போனு சாமி,” என்றாள் லோஷினி.

“வரி கட்ட மாட்டோம்னு தேயிலையைக் கடல்ல கொட்டின ஜனங்க நாங்க. இப்போ அந்தத் தேத்தண்ணியில ஐஸ் போட்டு வாளி வாளியாக் குடிக்கிறானுங்க. கடல்லயே கிடந்திருக்கலாம்.”

“தே ஓ ஐஸ் நாங்களும் குடிப்போம் சாமி,” என்றார் அய்யாவு.

அதிபர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் உடம்பு மறுபடி குலுங்கியது. பின்னாலிருந்து யாரோ தள்ளிய மாதிரி தங்கராஜு ஓரடி முன்னே வந்தார். இப்போது தொண்டை கரகரத்தது. இவர் இரண்டாமவர்; தண்டவாளம் போட்ட காலத்து ஆள் என்று தாமே சொல்லிக்கொண்டார். பட்டியலில் இவரும் இல்லையாம்.

“இந்தக் கடல்லேருந்து அந்தக் கடல் வரைக்கும் ரயில் விட்டோமே, எங்க அது? ஆளுக்கொரு டப்பாவுல உக்காந்து வரிசையா நிக்கிறானுங்க, ஒண்ணும் நகரல! பக்கத்துல தண்ணி, நடுவுல பாலம், பொழுது விடியறதுக்கு முன்னாடியே இத்தனை கூட்டம்...”

“அலமாக்! சாமி, நீங்க ஜோகூர் பாலத்தைப் பாக்கிறீங்க,” என்றார் குணாளன். “அது எங்க ஜாம். இன்னும் தள்ளிப் பாருங்க.”

இரண்டாமவர் தள்ளிப் பார்த்தார். “இங்கயும் அப்படித்தான் இருக்கு,” என்றார் சந்தேகமாக. “எல்லாத்துக்கும் எனக்கு முன்னாடி இருந்தவன்தான் காரணம்.”

“எனக்குப் பின்னாடி வந்தவன்தான்,” என்றது மூக்குக்குரல்.

ஒரே உடம்பில் இரண்டு பேர் சண்டை போட்டால் பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். முனீஸ்வரர் எங்கிருந்தோ ஓர் உறுமல் உறுமினார். இருவரும் அடங்கினார்கள்.

“கேக்க வந்ததைக் கேளுங்க லா,” என்றார் அய்யாவு. “கறி அடி பிடிக்குது.”

பிரேமலா மகளை முன்னால் நிறுத்தினாள். “இவளை உங்க நாட்டுக்குப் படிக்க அனுப்பலாமா சாமி?”

மூக்குக்குரல்காரர் லோஷினியை ஒரு மாட்டைப் பார்ப்பதுபோலச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது யார் வீட்டு ஆளு?”

அய்யாவுவுக்கு விளங்கவில்லை. “எங்க குணாளன் மக சாமி.”

“அதில்ல. இதுக்குச் சொந்தக்காரன் யாரு? இந்த நிறத்துல எங்க ஊருக்கு வர்றதெல்லாம் கப்பலோட கீழ்த்தட்டுல அடிமையா வரும். வாசல் வழியா வராது. படிக்கவா? அதுவும் பொம்பளையா? வேணாம்.”

வேணாம்.

குணாளன் உயர்ந்த ரக பாட்டில் கொடுத்து வாங்கிய அதே சொல். எழுத்துப் பிசகாமல் வந்திருந்தது. இப்போது அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமி உத்தரவு,” என்று சொல்லிவிட்டுக் கறிச்சோறு சாப்பிடப் போயிருக்க வேண்டும். பிரேமலாவும் அதைத்தான் எதிர்பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லோஷினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

குணாளன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“யோவ், யாரைப் பாத்து யார் வீட்டு ஆளுன்னு கேக்கிற?”

“அண்ணே, சாமி அண்ணே!” அய்யாவு கையைப் பிடித்தார்.

“விடுய்யா. எங்க பாட்டனும் கீழ்த்தட்டுலதான் வந்தாரு, நாகப்பட்டணத்துலேருந்து. அவரையும் இப்படித்தான் தோட்டத்துத் துரை கேட்டான், யார் ஆளுன்னு. கங்காணி ஆளுன்னு கையக் கட்டிக்கிட்டுச் சொன்னாரு. அது அவரோட முடிஞ்சுது. இவ யார் ஆளும் இல்ல. லோஷினி, நீ போற ஊரு அந்த ஆத்துக்கு எந்தப் பக்கம்?”

“மிசிசிப்பி ஆத்துக்கு அந்தப் பக்கம் பா.”

“கேட்டுக்கிட்டியா? உன் எல்லை ஆத்தோட முடிஞ்சுதுன்னு நீயேதான் சொன்ன. அங்க என் பொண்ணு வரலாமா வேணாமான்னு சொல்ல நீ யாரு? நீ பேசவே கூடாது. முனீஸ்வரரே பேசல!”

 எல்லை விஷயத்தில் குணாளன் பிடித்த பிடியில் ஓட்டையே இல்லை. மூக்குக்குரல்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். கரகரத்த குரல் மட்டும் மிச்சம் இருந்தது.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் என் எல்லைதான்,” என்றார் இரண்டாமவர். “வரட்டும். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். படிச்சு முடிச்சுத் திரும்பிப் போகுமா, இல்ல அங்கேயே தங்கிடுமா?”

அதே கேள்வியைக் குணாளன் மாதக்கணக்காகத் தொண்டையில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தார். வெள்ளைக்காரன் கேட்டுவிட்டான். எல்லோரும் லோஷினியைப் பார்த்தார்கள்.

“தெரியல சாமி,” என்றாள் லோஷினி. “போனாத்தான் தெரியும்.”

இவள் பொய் சொல்கிறாளோ என்று மகள் முகத்தைக் குணாளன் உற்றுப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சந்தேகப்பட எதுவும் கிடைக்கவில்லை. “வருவேன்” என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

“போகட்டும் சாமி,” என்றார். சத்தம் கம்மியாகத்தான் வந்தது. அய்யாவு எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார்.

முனீஸ்வரர் திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சுருட்டைப் பார்த்தார். “எவன்டா என் சுருட்டைப் பாதியில அணைச்சது?” என்று அதட்டிவிட்டு, விபூதியை லோஷினி நெற்றியில் அப்பி மலையேறினார்.

சாப்பிடும்போது குணாளனுக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. இலையில் கறியைப் பிசைந்துகொண்டே தங்கராஜுவைக் குடைந்தார்.

“அந்த மிசிசிப்பி ஆத்து எல்லை உனக்கு எப்படித் தெரியும்?”

“மிசிசிப்பியா, அது யாருண்ணே?” என்றார் தங்கராஜு, எலும்பை உறிஞ்சியபடி. “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. தொண்டைதான் வலிக்குது.”

பக்கத்து இலையில் பிரேமலா சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “நீங்க வாங்கிக் குடுத்தது நல்ல பாட்டில்தான். தங்கராஜு சம்சாரம் சொல்லிச்சு.”

“நீ என்ன குடுத்த?”

அவள் சிரித்தாள். அந்த ஒரு சந்தேகத்தை அவர் இன்றும் வைத்திருக்கிறார்.

புறப்படும் நாளில் தொழிற்சாலை பஸ்ஸையே கேட்டு வாங்கி, மகளை அதில் ஏற்றிக்கொண்டு செனாய் விமான நிலையத்துக்கு அவரே ஓட்டினார். அத்தனை சீட்டும் காலி. லோஷினி மட்டும் நடுவில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வழி நெடுகக் குணாளன் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டினார், ஒரு தரம்கூட பிரேக்கைப் பலமாக மிதிக்கவில்லை. இறங்கும்போது, “தினம் கூப்பிட வேணாம். மறந்துடாம இருந்தா சரி,” என்றார். அவளும் கூப்பிடுகிறாள். போன வாரம் அங்கே பனி கொட்டுகிறது என்று காட்டினாளாம். அது பனிதானா என்று இவர் கேட்டாராம்.

மாசாய்க்கு வந்து விசாரிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: குணாளன் பிரேமலா தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் பையன்கள்.