நாலு பேர் சேர்ந்து சாப்பிட்ட குற்றம்

எங்கள் ஊர் அலுவலகத்துக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெற்கு சொல்லா மாகாணத்தில் பூண்டு போடுகிறவர்கள் வயலை விட்டு ஏறி வருவதும் அதே பன்னிரண்டுக்குத்தான். கையில் மண், அக்குளில் மனு என்று ஜன்னலில் வந்து நிற்பார்கள். நான், பியோ கும்ரான், பதினோரு வருஷமாக அந்தச் சான்றிதழ் ஜன்னலில் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு, ஒரு முத்திரை என்று வயிறு வளர்த்தவள். ஒருமுறை ஒருவருடைய குடும்பப் பதிவில் கிம்ச்சி ஊறுகாய்ச் சாறு சிந்திவிட்டது. அவர் நல்ல மனுஷர். வீட்டில் போய் வெயிலில் காய வைத்துக்கொண்டார்.

அந்த அக்டோபரில் அரசு ஊழியர் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வருகிற புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாடு முழுக்க எல்லா ஜன்னலையும் மூடுங்கள், ஒரு மணி நேரம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுங்கள். அவ்வளவுதான். மறுநாளே மேலிடத்திலிருந்து இன்னொரு கடிதம். அரசு ஊழியர் கூட்டாக வேலையை நிறுத்துவது சட்டவிரோதம், நடவடிக்கை எடுக்கப்படும்.

எங்கள் அலுவலகத் தலைவர் ஓக் எங்களை நிற்க வைத்து அதை வாசித்துக் காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"பசிக்கறதுல தப்பில்ல. ஆனா மாத்தி மாத்திப் பசிக்கணும்."

ஜன்னல் பிரிவில் நாங்கள் நாலு பேர். அதில் மற்ற மூன்று பேருக்கும் மேலதிகாரி மா பில்சு. ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அப்படி ஒரு விசுவாசம். புதன்கிழமை அவர் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார் என்று எல்லாரும் நிச்சயமாக நம்பினோம்.

வந்துவிட்டார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் தடித்த பேனாவால் எழுதினார்: 'மதியச் சாப்பாடு. ஒரு மணிக்குத் திறப்போம்.' கதவில் ஒட்டினார். திரையை இழுத்து விட்டார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"என்ன பாக்கறீங்க? சூப்பு ஆறிடும்."

எதிரே இருக்கிற கடையில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து சூப்பும் சோறும் சொன்னோம். பதினோரு வருஷத்தில் சூடாக ஒரு கவளம். நாக்கு சுட்டுவிட்டது, பழக்கமில்லை. பாதிக் கிண்ணம்கூட முடியவில்லை, கடைக் கண்ணாடிக்கு வெளியே பூண்டுக்காரர் பங் தொக்சே நின்றார். அலுவலகக் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நேரே உள்ளே வந்து எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மனுவைக் கிம்ச்சிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சாப்பிடும்மா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பெரியப்பா, ஒரு மணிக்குத் திறந்துடுவோம்."

"பஸ்ஸு பன்னெண்டு அம்பதுக்கு. என் மாடும்தான் சாப்பிடுது. அது போர்டு மாட்டுறதில்ல."

மா பில்சு கரண்டியைக் கீழே வைத்தார். அவர் பொதுமக்களிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. "அண்ணே, போன வருஷம் பூண்டு விலை விழுந்தப்ப டிராக்டர விட்டு உங்க வயலையே உழுது தள்ளினீங்க. ரோட்டையும் மறிச்சீங்க. யாராவது உங்கள விசாரிச்சாங்களா?"

"அது என் வயலு."

"இது என் வயிறு."

பங் மனுவைக் கிம்ச்சியிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார். "பஸ்காரன் ஸ்ட்ரைக் பண்றான், ஆஸ்பத்திரில பண்றாங்க. நீங்களும் பண்ணித் தொலைய வேண்டியதுதானே? எதுக்குச் சோத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறீங்க?"

"எங்களுக்கு அது கிடையாது பெரியப்பா. சட்டமே கிடையாதுன்னுது."

"கிடையாதா?" என்றார். அவருக்கு அது புதுச் செய்தி. "அரசாங்க உத்தியோகம்னு பொண்ணு குடுக்கறாங்களேம்மா."

ஒரு மணிக்குத் திறந்ததும் முதல் சான்றிதழ் அவருக்குத்தான். ஆனால் பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு இரண்டு மணி நேரம். எங்கள் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கும்போதெல்லாம் அவர் முதுகு தெரிந்தது. எங்கள் பக்கம் நியாயம் இருந்தது, அவர் பஸ்ஸைத் தவறவிட்டதும் நிஜம். இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் மாவட்டத் தணிக்கைப் பிரிவிலிருந்து சொக் கிபொம் என்று ஒருவர் வந்தார். தனித்தனியாகக் கூப்பிட்டார்.

"முதல்ல எழுந்தது யாரு?"

"கவனிக்கல சார்."

"ஏன் ஒரே கடைக்குப் போனீங்க?"

"ஊர்ல இருக்கறதே ஒரு கடை."

விளக்கக் கடிதத்துக்குத் தாளை நீட்டினார். "பசி எப்ப வந்துச்சுன்னும் எழுதணுமா சார்?" என்று கேட்டேன்.

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "தனித்தனியா வந்துச்சா, சேர்ந்து வந்துச்சான்னு எழுதுங்க."

பாதிக்கப்பட்ட பொதுமக்கள் என்று பங் தொக்சேயையும் வரவழைத்தார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், எல்லாம் கேட்டது.

"பஸ்ஸு போச்சு. ரெண்டு மணி நேரம் குந்தியிருந்தேன். எழுதிக்க."

"அப்ப இவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு சொல்றீங்க."

"நான்தான் அன்னிக்கே திட்டிட்டேனே. திட்டினவனுக்கும் திட்டு வாங்கினவனுக்கும் முடிஞ்சு போச்சு. நடுவுல நீ யாரு?"

சொக் அதை எப்படி எழுதினாரோ தெரியாது. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் வாய்மொழியாக எச்சரிக்கை. மா பில்சுவுக்கு மட்டும் எழுத்தில் கண்டனம். போர்டு எழுதியது, திரையை இழுத்தது, எங்களைக் கூட்டிப்போனது எல்லாம் தான் ஒருவனே என்று எழுதிக் கொடுத்திருந்தார். 'அவர்கள் என் பேச்சைத் தட்டத் தெரியாதவர்கள்' என்று ஒரு பொய் வேறு.

வெட்கமாக இருந்தது. அவர் மேஜைக்குப் போய் நின்றேன். "எங்க பேரையும் சேர்த்திருக்கலாமே. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"உனக்கு இன்னும் பதவி உயர்வு இருக்கு. எனக்கு இனிமே உயர என்ன இருக்கு?"

கண்டனக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். எனக்கும் ஒரு வரியைக் காட்டினார். 'பிறரைத் தூண்டிவிடும் போக்கு உடையவர்' என்றிருந்தது.

"முப்பத்தோரு வருஷம்மா," என்றார். "இத்தனை நாள்ல என்னைப் பார்த்து ஒருத்தன் பயந்தது இதான் முதல் தடவை."

நகல் எடுக்கும் இயந்திரம் வரைக்கும் நடந்து போய், சம்சாரத்துக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார்.