கியரில் கொட்டிய டீ

என் அக்கா டீ குடிப்பதை நிறுத்தி நாலைந்து வருஷம் இருக்கும். கேட்டால் நெஞ்சு எரிகிறது என்பாள். எழுந்ததும் ஒன்று, சமையலுக்கு நடுவில் ஒன்று, மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தால் ஒன்று என்று குடித்தவள். நெஞ்சு எரிந்தது உண்மைதான். ஆனால் எரிய வைத்தது டீ இல்லை, அவள் வீட்டுக்காரர்.

அந்த மனுஷர் என் மாமா. லாரி ஓட்டுபவர். நல்லவர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது, வாயைத் தவிர. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பார். நாலாவது காலைக் கொண்டுபோய்க் காட்டினால் அது வால் என்பார்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. நான் வேறு ஊரில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கண் நரம்பு கெட்டுப் பார்வை மங்கிவிட்டது, இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். லாரியை விற்றாயிற்று, வாங்குகிறவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறான், கியர் லீவர் மட்டும் இறுகிக்கொள்கிறது, அவன் முன்னால் அசிங்கமாகிவிடும், வந்து சரிசெய்து கொடு என்றார். போனை வைக்கப் போனவர் வைக்கவில்லை. கொஞ்சம் இழுத்துவிட்டு, வண்டி போவதற்கு முன்னால் அக்காவை ஒரு தடவை கடல் தெரியும் வளைவு வரைக்கும் கூட்டிப் போக வேண்டும் என்றார். நான் ஓட்டினால் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்களாம்.

"அவ மாட்டேங்கறா மாப்ள. நீ சொன்னா கேப்பா."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். மாமாவுக்கு அது அப்படியே பொருந்தியது. போனில் சொல்லவில்லை, பாவமாக இருந்தது.

மாமா வாலிபத்திலிருந்து கிளட்ச் மிதித்து ஓட்டியவர். தூக்கத்தில்கூட இடது கால் கிளட்ச்சைத் தேடும் என்று அக்கா சொல்வாள். அந்தக் கால் முட்டி தேய்ந்த பிறகுதான் கிளட்ச்சே இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் லாரியை வாங்கினார். அதே சமயத்தில் மகளையும் கட்டிக்கொடுத்தார்கள். வெறும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று அக்கா லாரியில் ஏறிக்கொண்டாள். பக்கத்து சீட்டில் ஒரு தலையணை, காலடியில் ஒரு பிளாஸ்க். கடல் தெரியும் வளைவு வந்தால் மாமா ஓரங்கட்டுவார். அக்கா பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுப்பாள். கல்யாணமான புதிதில்கூட இவரோடு இவ்வளவு பேசியதில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்படி அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு நாள் குறுக்கே நாய் ஓட, மாமா பிரேக்கை மிதிக்க, மூடியிலிருந்த டீ முழுவதும் கியர் லீவர் மேல் கொட்டிவிட்டது. அக்கா முந்தானையாலேயே துடைத்தாள். கொஞ்ச நாளில் லீவர் இறுக ஆரம்பித்தது. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போய்ப் பிசினாகிவிட்டது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு கிடையாது. அதை ஒரு வேடிக்கைக் கதையாகவும் ஆக்கிவிட்டார். லோடு ஏற்றும் இடத்தில், சொந்தக்காரர் வீட்டில், எங்கே போனாலும் "என் பொண்டாட்டி எனக்கு மட்டுமில்ல, என் கியருக்கும் டீ குடுப்பா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவுக்கு 'கியர் டீ' என்றே பெயர் வந்துவிட்டது. முதலில் அவளும் சிரித்தாள். பிறகு பிளாஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு லாரியில் போவதையே விட்டாள். டீயைக் கடைசியாக விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது மேட்டுத் தெருவில் வீட்டு வாசலை ஒட்டி லாரி மூக்கைக் கீழே சரித்துக்கொண்டு நின்றது. முதல் வேலையாகச் சக்கரங்களுக்கெல்லாம் கட்டை கொடுத்தேன். ஏறிப் பார்த்தால் ஹேண்ட் பிரேக் போடவில்லை. எதற்கு, அதுதான் லீவரைப் பார்க்கிங்கில் போட்டிருக்கிறேனே என்றார் மாமா. பழைய லாரியை ஏதாவது ஒரு கியரில் விட்டுவிட்டு இறங்கியே பழகியவர்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை இழுத்தேன். அசையவில்லை. தள்ளு, உனக்கு இதன் சூட்சுமம் தெரியாது என்று மாமா ஏறினார். இரண்டு கையாலும் லீவரைப் பிடித்து, பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அடியில் டணார் என்று ஒரு சத்தம். லீவர் வந்துவிட்டது. பரிசு வாங்கியவர் மாதிரி என்னைப் பார்த்தார். அந்தச் சத்தத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் பேசுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் குடும்பத்தில் அப்படிப் பேச ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

லீவர் உட்கார்ந்திருக்கும் பெட்டியை இதற்கு முன் யாரும் திறக்கவில்லை. மற்ற கடைகளில் மாமாவே காரணத்தையும் சொல்லிவிடுவதால் அவர்களும் மேலாக எண்ணெய் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். லீவரைச் சுற்றி இருந்த மூடியின் திருகுகளைக் கழற்றினேன். மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, உள்ளே பாகு காய்ச்சின சட்டி மாதிரி இருக்கும் பார் என்றார்.

உள்ளே ஒன்றுமில்லை. காய்ந்த தூசி மட்டும். லீவரின் அடியை ஒரு தடித்த ரப்பர் உறை இறுக்கிப் பிடித்திருந்தது. உறையின் மேல்பக்கம் பழுப்பாக ஒரு வளையம், டீ காய்ந்த கறை. கீழ்ப்பக்கம் கடையில் வாங்கியது போல் சுத்தம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கேபிளைக் கழற்றிவிட்டு, இப்போது ஆட்டிப் பாருங்கள் என்றேன். மாமா வழக்கம்போல் இரண்டு கையையும் கொண்டுபோனார். ஒரு விரல் போதும் என்றேன். ஒரு விரலால் தள்ளினார். வெண்ணெயில் கத்தி போவது போல் முன்னால் போனது, பின்னால் வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடியும் தள்ளினார்.

லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கேபிள் கியர்பாக்ஸில் மாட்டும் இடத்திலிருந்த ரப்பர் புஷ் நசுங்கிக் கிழிந்திருந்தது. கேபிளைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு வளைந்து, கேபிள் கோணலாக இழுபட்டுக் கொண்டிருந்தது. வெளியே வந்து, சமையலறைக்கும் கேட்கிற குரலில் விளக்கினேன். பார்க்கிங்கில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னக் கொக்கி பல்லில் மாட்டிக்கொள்ளும். மேட்டில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் விட்டால் லாரியின் மொத்த கனமும் அந்தக் கொக்கி மேல் உட்காரும். அப்புறம் லீவர் எப்படி வரும்? வராததை மல்லுக்கட்டி இழுத்து இழுத்துத் தகடும் வளைந்துவிட்டது. அதற்குப் பிறகு சமதளத்திலும் இறுகத்தான் செய்யும். முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு பார்க்கிங். அவ்வளவுதான் விஷயம்.

இந்த மேட்டுத் தெரு வீட்டுக்கு எப்போது குடிவந்தீர்கள் என்று கேட்டேன். மாமா யோசித்தார். டீ கொட்டிய அதே மாசம்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"அவ சொன்னா மாப்ள," என்றார் மாமா.

"என்ன சொன்னா?"

"மேட்டுல நிறுத்தினா மட்டும்தான் இறுகுது, லோடு இறக்கற இடத்துல இறுகறதே இல்லைன்னு ஆரம்பத்துலயே சொன்னா. ஆளுங்க எல்லாம் நின்னுட்டிருந்தாங்க. நீ டீயை ஒழுங்கா ஊத்து, வண்டியை நான் பாத்துக்கறேன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

பிறகு லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் தகட்டை நிமிர்த்தி, கடையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த புதுக் கேபிளும் புஷ்ஷும் மாட்டி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "பக்கத்து சீட்டு காலியாவே ஓடிச்சு மாப்ள" என்றார். நான் லாரிக்கு அடியில் இருந்தேன். அவர் செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

வேலை முடிந்ததும் மாமா சமையலறைக்குப் போனார். கை கழுவும் சாக்கில் நானும் பின்னால் போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். "உன் டீ இல்லையாம்" என்றார், ஊரில் யாரோ பேசிக்கொண்ட சேதி போல.

அக்கா நிமிரவே இல்லை. "அப்படியா," என்றாள்.

வளைவு வரை போய்விட்டு வரலாம் என்று மாமா மறுபடி கேட்டார். அக்கா இன்னும் இரண்டு கீரைத்தண்டை ஒடித்தாள். அந்த இடத்தில் இன்னும் லாரிகள் நிற்கின்றனவா என்று கேட்டாள். தெரியாது, நான் அங்கே நிறுத்துவதில்லை என்றார் மாமா. ஏன் என்றாள்.

"தனியா நின்னு என்னத்தைப் பாக்கறது?"

அக்கா தட்டை ஒதுக்கி வைத்தாள். முகத்தைக் கழுவினாள். வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பிளாஸ்க்கை எடுக்கவில்லை, ஆனால் அது இருக்கும் அலமாரியை ஒரு தடவை பார்த்தாள். மாமா அதற்குள் வெளியே ஓடிப் பக்கத்து சீட்டைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார்.

லாரிப் படி உயரம். அக்கா கைப்பிடியைப் பிடித்து வலது காலைத் தூக்கினாள். பாதிக்கு மேல் போகவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். ஸ்டூலில் ஏறிவிட்டாள். அங்கிருந்து படிக்குக் காலை வைத்து எழும்பும்போது முட்டி மடங்காமல் நின்றுவிட்டது. நான் பின்னாலிருந்து தாங்க, மாமா மேலிருந்து கையை நீட்ட, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கினாள்.

"விடுடா. ரெண்டு முட்டியும் போயாச்சு. ஏறின காலத்துல ஏறினேன்."

மாமாவுக்கு அது தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறார், அவள் முட்டி மடங்காதது தெரியாது. கீழே இறங்கி அவள் முன்னால் வந்து நின்றார்.

"ஏறி உக்காந்திருந்தவளை நான்தான் இறக்கி விட்டேன்," என்றார்.

ஒரு கார் பிடித்துப் போகலாமே என்றேன் நான், நிலைமையைச் சரிக்கட்ட. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"கடலைப் பாக்கவாடா நான் போனேன்?"

சாயங்காலம் லாரியை வாங்குகிறவன் வந்தான். கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பையன், கூடவே மனைவி. சாவி கைமாறியது. அந்தப் பெண் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மான் மாதிரி தாவிப் பக்கத்து சீட்டில் ஏறினாள். அவள் மடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது. வழியில் குடிக்க டீயாம். பையன் லீவரை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். நல்லா இருக்கு ஐயா என்று மாமாவிடம் சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினான்.

"டீயைப் பாத்து ஊத்து. கியர்ல கொட்டிடப் போற."

மாமாவின் கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்தப் பழைய வேடிக்கையை எடுத்துவிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். மாமா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"கொட்டினா கொட்டட்டும் தம்பி. துடைச்சா போச்சு. ஒண்ணும் ஆகாது."

அக்கா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அது கேட்டது. அவள் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு நடுரோட்டில் முந்தானையும் கையுமாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்க வேண்டிய வார்த்தை அது. இன்று வேறு யாருக்கோ போகிறது.

லாரி கிளம்பி மேட்டில் மெதுவாக இறங்கியது. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அக்காதான் முதலில் பேசினாள்.

"ஏங்க, முதல்ல ஹேண்ட் பிரேக்குனு அந்தப் பையன்கிட்ட சொன்னீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார், அவர் சொல்லியிருப்பார் என்று நான்.

"சொல்லலையா? எங்கயாவது மேட்டுல நிறுத்தி லீவர் இறுகிக்கும். அந்தப் பொண்ணுதான் டீயைக் கொட்டிட்டான்னு சொல்லிடுவான்."

நான் செருப்பைத் தேடுவதற்குள் மாமா இறங்கிவிட்டார். தேய்ந்த முட்டியை இழுத்துக்கொண்டு, சரியாகத் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு, துண்டை உயர்த்தி ஆட்டியபடி, நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டே அந்தச் சரிவில் லாரிக்குப் பின்னால் ஓடினார்.