ஆமாவுக்கு ஒரு தட்டு, இல்லைக்கு இரண்டு

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து எடுத்தது. ‘திருடியது’ என்று எழுதிவிட்டு அடித்தேன், ஏனென்றால் அவளிடம் கேட்டுத்தான் எடுத்தேன். எடுத்த பிறகு கேட்டேன் என்பது வேறு விஷயம்.

அக்கா இழுவைப் படகு ஓட்டுகிறாள். விடுமுறை நாளில் பொழுதுபோக்காகச் சின்னப் படகில் கடலுக்குப் போகிறவர்களுக்கு நடுவழியில் இன்ஜின் நின்றால், டீசல் தீர்ந்தால், மணல் தட்டினால் அவளைக் கூப்பிடுவார்கள். போய்க் கயிறு கட்டி இழுத்து வருவாள். எனக்கோ ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். அவள் படகில் ஒருமுறைகூட ஏறியதில்லை. கடலைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி இவ்வளவுதான்.

அக்கா மூன்று நிபந்தனைகள் போட்டாள். புயல் வரக்கூடாது. யாரும் சாகக்கூடாது. மூன்றாவதை அவள் வாயாலேயே கேளுங்கள்: “என்னைய வீராங்கனை ஆக்கிடாதடா. வேலைக்குப் போனேன், வந்தேன்.”

2

தொடக்கங்கள்:

அன்று கடல் சீறிக்கொண்டு— (முதல் நிபந்தனை. அடித்தாயிற்று.)

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல்— (இதையும் அடித்தேன். மூட்டம் நிஜம். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் நாலு படகு நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத வெள்ளை மூட்டம். அலறல்தான் பொய்.)

அந்த அம்மா அலறவில்லை. அக்காவின் ரேடியோவில் வந்த முதல் பேச்சு இது:

“வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்களுக்கு நேரம் இருந்தா, யாரையாவது இந்தப் பக்கம் அனுப்ப முடியுமா?”

அவர் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் இருபது வருஷமாகப் பேசிப் பழகிய குரல். தன் கஷ்டத்தையும் அதே குரலில்தான் சொன்னார். இன்ஜின் நின்றுவிட்டது. யாரோ விட்ட வலைக்கயிறு அடியில் சுற்றிக்கொண்டது போலிருக்கிறது. கைபேசிக்கு இங்கே சிக்னல் இல்லை. படகில் இரண்டு பேர், அவரும் அவர் கணவரும்.

எங்கே இருக்கிறீர்கள் என்று அக்கா கேட்டாள். அதுதான் தெரியவில்லை என்றார் அவர்.

3

கணவர்தான் எனக்குப் பெரிய பிரச்சினை.

அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படகை முப்பது வருஷம் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை சோர்ந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காதில் விழுவதெல்லாம் புரியும், பதில் வாய்க்கு வராது. எதைக் கேட்டாலும் தலை எல்லாப் பக்கமும் ஆடும். அது ஆமாவா இல்லையா என்று வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. போகப்போக அவரிடம் கேட்பதே நின்றுவிட்டது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. ஞாயிறுதோறும் படகுச் சாவி தொங்கும் ஆணிக்கு முன்னால் போய் நிற்பார். அந்த வாரம் மனைவிக்கு மனசு இளகிவிட்டது. அவர் இடக்கையால் வழிகாட்ட, இவர் சுக்கான் பிடித்தார். போனது நன்றாகத்தான் போனது.

(முதல் வரைவில் இவரை முன்கோபக்காரராக எழுதியிருந்தேன். பேசாத ஆளை வைத்துக் கதை நகர்த்தத் தெரியாமல் செய்த வேலை அது. “கோவக்காரர்னு உனக்கு யார் சொன்னது?” என்று அக்கா கேட்டாள். யாரும் சொல்லவில்லை. அடித்தேன்.)

4

தெற்கே பாறைத்திட்டு இருக்கிறது. அந்த நேரத்து நீரோட்டம் எதையும் அந்தப் பக்கம்தான் தள்ளும். இதுவரை அக்காவுக்கு இது இழுவை வேலை. படகு பாறையில் ஏறிவிட்டால் மீட்பு வேலை.*

துறைமுகத்திலிருந்து கிளம்பிக்கொண்டே அக்கா கேள்வி கேட்டாள். கடைசியாகத் தாண்டிய மிதவையில் என்ன எண்? அந்த அம்மா கவனிக்கவில்லை. கலங்கரை விளக்கின் பக்கம் இருப்போம் என்று நினைப்பதாகச் சொன்னார். விளக்கு இருப்பது வடக்கே.

“உங்க வீட்டுக்காரரக் கேளுங்க.”

“அவரால பேச முடியாதுங்க. எட்டு மாசமா.”

“பேச வேண்டாம். தட்டச் சொல்லுங்க. ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. மைக்க அவர் பக்கத்துல வைங்க.”

பிறகு அக்கா நேராக அவரிடமே பேசினாள்.

“ஐயா, நீங்க விளக்குப் பக்கம் இருக்கீங்களா?”

இரண்டு தட்டு.

“கடைசி மிதவை எண்ணத் தட்டுங்க.”

ஒன்பது தட்டு. ஒன்பதாவது மிதவை தெற்கே, பாறைக்குப் பக்கத்தில்.

இந்த இடத்தில் அக்கா எதுவும் யோசிக்காமல் படகைத் தெற்கே திருப்பினாள் என்று எழுதியிருந்தேன். வாசித்ததும் சிரித்தாள். பயந்து போயிருந்தாளாம். மனைவி வடக்கு என்கிறார். நோயாளி தெற்கு என்கிறார். மூட்டத்தில் மெதுவாகத்தான் போக முடியும், ஒரு திசைக்குத்தான் நேரம். மூளை அடிபட்டவரின் ஒன்பது உண்மையிலேயே ஒன்பதுதானா? அதனால் அவள் அந்த அம்மாவிடமே கேட்டாள், உங்களுக்கு எது சரி என்று படுகிறது என்று.



“அவர் சொல்றதுதான் சரி,” என்றது வரவேற்பாளர் குரல். “வழி விஷயத்துல அவர் தப்பா சொன்னதே இல்லங்க. மத்ததுலதான்.”

அக்கா தெற்கே திருப்பினாள்.

*இது அடிக்குறிப்பு, தாண்டிப் போகிறவர்கள் போகலாம். இழுவைக்கும் மீட்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “இழுவைன்னா கயிறு போதும். மீட்புன்னா பம்ப், மிதவைப் பை, முக்குளிக்க ஆளு, அதோட என் தூக்கம்,” என்றாள்.

5

போய்ச் சேர அரை மணி ஆகும். அதற்குள் அந்தப் படகு நகராமல் நிற்க வேண்டும். நங்கூரம் போட ஒரு கை போதாது, மனைவிக்கோ பழக்கமில்லை. அக்கா ஆழம் கேட்டாள். ஆறு தட்டு, ஆறு மீட்டர். அப்படியானால் ஐந்து மடங்கு, முப்பது மீட்டர் கயிறாவது விட வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு வருமோ அது ஒரு அளவு, அப்படி இருபது விடுங்கள் என்றாள்.

அந்த அம்மா நங்கூரத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் கைகளை விரித்து விரித்துக் கயிற்றை விட்டார். ஒவ்வொரு விரிப்புக்கும் கணவர் ஒருமுறை தட்டினார். பதினாலில் அந்த அம்மா தளர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். கணவர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. மனைவி எழுந்ததும் பதினைந்தைத் தட்டினார்.

இருபதில் கயிறு விறைத்தது. நங்கூரம் பிடித்துவிட்டது.

ஒன்பதாவது மிதவையைத் தாண்டியதும் அக்கா இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மூட்டத்துக்குள் எங்கேயோ கம்பியில் கரண்டி மோதும் சத்தம், கணவர் தட்டுவது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். பாறைக்கும் படகுக்கும் நடுவே அறுபதடிகூட இல்லை என்றாள். நான் முப்பது என்று எழுதியிருந்தேன். திருத்தவைத்தாள்.

6

கயிறு கட்டி இழுத்துத் திரும்பி வரும்போது, பின்னால் வந்த படகில் ரேடியோ மைக் திறந்தே கிடந்தது. அதை அணைக்க அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. அதனால் அக்காவுக்கு எல்லாம் கேட்டது.

அந்த அம்மா கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். குளிருதா? இரண்டு. தோள் வலிக்குதா? ஒன்று. அந்த நீலச் சட்டை பிடிக்குதா? இரண்டு. காபியில் சர்க்கரை போதுமா? இரண்டு. கொஞ்சம் கழித்து, இன்னொரு ஸ்பூன் போடட்டுமா? ஒன்று, அதுவும் பலமாக.

“எட்டு மாசமா நானே கேட்டு நானே பதில் சொல்லிட்டிருந்தேன்,” என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் படகை ஓட்டினாளாம்.

7

முடிவுகள்.

(அ) படகுத்துறையில் இறங்கும்போது கணவரின் வாயிலிருந்து ஒரு சொல் வருகிறது. இதை மூன்று பக்கம் எழுதினேன், எழுதும்போது நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா வாசித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தாள். “அவர் பேசலடா. அன்னிக்கு அவருக்கு அது தேவையாவும் படல. உனக்கு ஏன் இந்த அவசரம்?” கிழித்தேன்.

(ஆ) பயந்துபோய்ப் படகை விற்றுவிடுகிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால்—

ஆனால் மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, நல்ல வெயில். அக்கா தன் படகைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அதே குரல்.

“வணக்கம். இன்னைக்கு ஒண்ணும் ஆகல. கிளம்புறோம்னு சொல்லிட்டுப் போலாம்னுதான்.”

எங்கே போகிறீர்கள் என்று அக்கா கேட்டாள்.

“அதுலதாங்க சண்டை. நான் வடக்க போலாம்ங்கறேன். அவர் கேக்க மாட்டேங்கறார்.” பின்னால் டொக் டொக் என்று இரண்டிரண்டாக விடாமல் விழுந்துகொண்டிருந்தது. “அரை மணியா இதே பாட்டு. முடிவானதும் சொல்றேன்.”

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. படகு துறையை விட்டுப் போனதை அக்கா பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்ப்பதற்குள் குழாயை மூடப் போய்விட்டாள். நான் விட்டு வைப்பேனா, துருவித் துருவிக் கேட்டேன். “எனக்கெப்படித் தெரியும்? அவங்க குடும்பச் சண்டை,” என்றாள்.

எனவே வடக்கா தெற்கா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்கு இருவரையும் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எந்தப் பக்கம் அனுப்பினாலும் வெயிலோடு அனுப்புங்கள். அன்றைக்கு மதியம் அக்காவுக்கு விடுப்பு.