குளியலறையை விட்டு வராத மாமனார்

"இழு! இன்னும் பலமா இழு!"

வாயைத் திறக்காமல் கையாலேயே கத்தினாள் கதாசிரியை. கேமராவின் காலடியில் தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தாள். எதிரே, பலகையால் அடித்த வீட்டுக்குள், மருமகளாக நடிக்கும் பெண் குளியலறைக் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கதவு அசைவேனா என்றது.

மேலே சிவப்பு விளக்கு. நேரடி ஒளிபரப்பு. நிறுத்தி மறுபடி எடுக்க இது சினிமாவா?

கதவு திறந்தால் மாமனார் வெளியே வருவார், வீடு ரெண்டுபடும், கதை ஓடும். மாமனார் வேறு யாருமில்லை, அவளுடைய சித்தப்பா. வானொலி நாடகங்களில் கொடிகட்டிப் பறந்தவர். "சொந்தக்காரங்களைத் திணிக்காதீங்கம்மா" என்று நிலைய அதிகாரி மூக்கால் அழுதும், சண்டை போட்டு வாங்கிய வேஷம். அந்த அதிகாரி பார்வையாளர் கூட்டத்தின் முன்வரிசையில் உரல் மாதிரி உட்கார்ந்திருந்தார். இன்றைக்குச் சிரிப்பு வராவிட்டால் அடுத்த வாரம் இந்த நேரம் சமையல் நிகழ்ச்சிக்குப் போய்விடும். சொல்லிவிட்டார்.

செட் போட்ட தச்சர் தவழ்ந்து வந்தார்.

"என்னய்யா கதவு இது?" பல்லைக் கடித்தாள்.

"காலைல நல்லாத்தான்மா தொறந்துச்சு."

"பின்னாடி போய்த் தள்ளித் தொலையேன்!"

"பின்னாடி அடுத்த நிகழ்ச்சிப் பலகையெல்லாம் சாத்தி வெச்சிருக்காங்க. நகர்த்தினா வீட்டுக்கு வீடு சத்தம் கேக்கும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் சத்தம் வரும். அவள் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் கிறுக்கி, கேமராவுக்குக் கீழே தூக்கிப் பிடித்தாள்: 'கதவை விடு. கெஞ்சு.'

மருமகள் புரிந்துகொண்டாள். "மாமா, ஆபீசுக்கு நேரமாச்சு. வெளிய வாங்க மாமா!"

கதாசிரியை அடுத்த வரி எழுதச் சாக்பீஸை எடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அந்தக் கணீர்க் குரல்:

"வந்து? ஆளாளுக்கு ஒரு குறை சொல்வீங்க. இங்க குழாய் மட்டும்தான் தொணதொணக்குது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மகனாக நடித்தவனுக்கும் தைரியம் வந்துவிட்டது.

"உள்ள அப்படி என்னதான்பா பண்றீங்க?"

"குடும்பம் நடத்துறேன்டா. தனியா!"

அரங்கம் அதிர்ந்தது. அவளுக்கோ வயிறு எரிந்தது. ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய வசனத்தில் ஒரு வரிகூட யார் வாயிலும் வரவில்லை. எழுதாததற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், பாவிகள்!

விளக்கு அணைந்ததும் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பிரமாதம்மா! அந்த மாமனாரை எப்பவுமே வெளிய கொண்டுவராதீங்க. இதுக்கெல்லாம் எவ்வளவு யோசிச்சிருப்பீங்க!"

"ரொம்ப யோசிச்சேன் சார்" என்றாள், பல்லைக் கடித்தபடியே.

அப்படித்தான் அந்தத் தொடர் பிறந்தது. ஓடி முடியும்வரை மாமனாரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எழுதியவளின் மூளையே மூளை என்று பத்திரிகைகள் மெச்சின.

ஆனால் அன்றைக்கு அதிகாரி நகர்ந்ததும் அவள் நேரே செட்டின் பின்பக்கம் போனாள். பலகைகளை நகர்த்தச் சொன்னாள். சிக்கின கதவைக் காட்டி, தச்சரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற கோபம்.

கதவு எங்கேயும் சிக்கியிருக்கவில்லை. அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது. சித்தப்பா ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி, இரண்டு கைகளாலும் பிடியை உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்துப் பவுடர் வியர்வையில் கரைந்து சட்டையில் வழிந்திருந்தது.

"என்ன சித்தப்பா இது கண்றாவி!"

"கத்தாதம்மா. எல்லாரும் போயிட்டாங்களா?"

"யாரு?"

"அந்த ஜனங்கதான். இத்தனை வருஷமா மைக்கைப் பாத்துத்தானே பேசியிருக்கேன்? கதவிடுக்கு வழியா எட்டிப் பாத்தேன். அத்தனை மூஞ்சியும் இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கு. செத்தாலும் வெளிய வரக்கூடாதுன்னு பிடிச்சேன் கதவை."