கத்தியைக் கழுவி வைத்தவன்

"உங்க கல்யாணப் பேச்சுல, அண்ணனுக்கு மனநோய்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னீங்களா?" அரசு வக்கீல் கேட்டார்.

"இல்லைங்க," என்றாள் கூண்டில் நின்ற கலைமகள். "திருப்பூர்ல வேலை பாக்குறாருன்னு சொன்னோம்."

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது இதில்? முதலியார்பேட்டையில் பெண்ணைப் பெற்ற எந்த வீடு இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சம்பந்தம் பேசியிருக்கிறது?

அண்ணன் எழிலரசனுக்குத் தன்னை யாரோ விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற பயம் பத்து வருஷமாக உண்டு. உள்ளூரில் காட்டினால் தெரிந்துவிடும் என்று விழுப்புரத்து டாக்டர் ஒருவரிடம் ரகசியமாகக் கூட்டிப் போனார்கள். அவர் எழுதிய மருந்து நோட்டை, தன்னைப் பெண் பார்க்க வந்த நாளுக்கு முதல் நாள் கலைமகள் தன் கையாலேயே வெந்நீர் அடுப்பில் போட்டாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு டாக்டரும் போய்ச் சேர்ந்தார், மாத்திரையும் நின்றது; நோய் இருந்ததற்கு வேறு அத்தாட்சியும் இல்லை. போன வருஷம் ஒரு காலை, தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு இராமதாஸை எழிலரசன் குத்திக் கொன்றுவிட்டான். தினமும் அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்த மனுஷர், பாவம். குத்தியவன் கத்தியைக் கழுவி மாடத்தில் வைத்தான்.

"கழுவினதுதாம்மா வினை," என்றார் அவர்கள் வக்கீல் ஜானகிராமன், வராந்தாவில். "தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சான்னு எடுத்துக்குவாங்க. என்ன செய்யறோம்னோ, அது தப்புன்னோ தெரியாத அளவுக்குப் பைத்தியம்னா விட்டுடுவாங்க. இல்லன்னா முழுக் கொலை."

"நடுவுல ஒண்ணும் இல்லையா சார்?"

"இங்கிலாந்துல இருக்கு. நோயால புத்தி தடுமாறி, தன்னை அடக்க முடியாம செஞ்சான்னு நிரூபிச்சா, கொலைக்குக் கீழ ஒரு குற்றமாக் குறைச்சிடுவாங்க. ஆஸ்பத்திரிக்குக்கூட அனுப்பலாம். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அது வந்து."

கலைமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். அவன் கிளம்பிய பிறகு இங்கிலீஷ்காரன் எழுதிய தண்டனைச் சட்டம் நம் தலையில் வந்து உட்கார்ந்தது. எழுதியவன் தன் வீட்டில் திருத்திக்கொண்டான். நாம் சட்டத்தின் பேரை மாற்றினோம், நம்பரை மாற்றினோம், இதை மட்டும் தொடவில்லை. மனுஷனுக்குப் பாதி புத்தி கெடாதா? காய்ச்சலில்கூடக் கொஞ்சம், அதிகம் என்று இருக்கிறதே!

ஜெயிலில் ஐந்து மாதம் மாத்திரை கொடுத்துத் தெளியவைத்துவிட்டு, அப்புறம் சோதித்து, தெளிவாக இருக்கிறான் என்று எழுதினார்கள். ஆயுள் தண்டனை. வேனில் ஏற்றும்போது எழிலரசன் திரும்பிப் பார்த்தான்.

"கலை, அந்த நோட்டு கெடைச்சுதா?"

எரித்தது அவனுக்குத் தெரியாது. "தேடிக்கிட்டு இருக்கேண்ணா," என்றாள்.

அடுத்த வாரம் ரெட்டியார்பாளையத்தில், அவள் புகுந்த வீட்டில், நாத்தனார் துர்காவைப் பெண் பார்க்கத் தவளக்குப்பத்திலிருந்து வந்திருந்தார்கள். மாமியார் குஞ்சம்மாள் அடுப்படியில் கலைமகளின் கையைப் பிடித்தாள்.

"ஒங்க அண்ணனப் பத்திக் கேட்டா, வெளியூர்ல வேலைன்னு சொல்லிடு."

காபித் தட்டோடு போனவளிடம் பையனின் அம்மா கேட்டேவிட்டாள். "கூடப் பொறந்தவங்க எத்தினி பேரும்மா?"

"ஒரே அண்ணன்," என்றாள் கலைமகள். "ஜெயில்ல இருக்காரு. புத்தி சரியில்லாம ஒரு நல்ல மனுஷனக் கொன்னுட்டாரு."

வந்தவர்கள் எழுந்து போனார்கள். துர்கா உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கலைமகள் அந்தக் கதவைப் பார்த்தபடியே காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டியேடி பாவி!" குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல நான் சொன்னதக் கேட்டுட்டு வந்து, பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணவன்னு என்னத் திட்டுனீங்களே அத்தே," என்றாள் கலைமகள். "அந்தப் பொய்க்குத்தான் எங்க அண்ணன் ஆயுசு பூரா உள்ள கெடக்குது. இன்னொண்ணு என்னால சொல்ல முடியாது."